கையெழுத்துப் போட்ட ஓட்டு

அந்தப் பேப்பரை முதலில் மடியுங்கள். மடித்துப் பைக்குள் வையுங்கள். என் படத்தையும் அந்தத் தங்கப்பழம் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறான், கல்யாணப் பத்திரிகை மாதிரி.

ஆமாம், நான்தான் கொம்பையா. முன்னாள் எம்.எல்.ஏ. படத்தில் முடி இருக்கிறது, இப்போது இல்லை. அருப்புக்கோட்டையில் நான் பஸ் ஏறினதிலிருந்து என் மூஞ்சியையும் பேப்பரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வருகிறீர்கள். கேட்க வேண்டியதைக் கேட்டுத் தொலையுங்கள்.

தங்கப்பழம் மைக்கில் சொன்னது உண்மையா என்றுதானே? பொய். பச்சைப் பொய். அதைத் திரும்ப வாங்க வைக்கத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். காலையில் டீக்கடையில் தலைப்பைப் பார்த்தேன். போதும். போன் போட்டு, "பதினொரு மணி பஸ்ஸில் வாரேன், நல்லமருதன்பட்டி விலக்கில் வந்து நில்லு" என்றேன். "சரி அண்ணாச்சி" என்றான். அவன் ஊருக்கு ரோடு பிரிகிற இடம் அது. போனை வைத்துவிட்டேன். மீதியை நேரில் சொல்லத்தான் இருக்கிறது.

உங்களுக்கு என்ன வேலை? மின்வாரியமா. அப்படியானால் அடியிலிருந்து சொல்ல வேண்டும். ஜனாதிபதியை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. நாங்கள் தேர்ந்தெடுக்கிறோம். எம்.பி.க்கள் டெல்லியில், எம்.எல்.ஏ.க்கள் அந்தந்த மாநிலத்தில். எங்களுக்குக் கோட்டையில் ஓட்டு. ஓட்டுப் போட்ட பெட்டியைச் சீல் வைத்து விமானத்தில் டெல்லிக்குக் கொண்டுபோவார்கள். பெட்டிக்கு ஒரு ஸீட்டு, அதிகாரிக்கு ஒரு ஸீட்டு. எங்களுக்குக்கூட அந்த மரியாதை கிடையாது. அங்கேதான் எண்ணுவார்கள். இந்த மாநிலம் இன்னாருக்கு இத்தனை, அந்த மாநிலம் இன்னாருக்கு இத்தனை என்று தனித்தனியாகச் சொல்வார்கள். அதனால் எந்த மாநிலத்தில் ஓட்டு மாறி விழுந்தது என்று தெரிந்துவிடும். யார் மாற்றிப் போட்டது என்று தெரியாது. ரகசிய ஓட்டு.

அதுதான் எனக்கு ஆகாது. ரகசியம் என்ன ரகசியம்? திருடர்களா நாம்?

அந்த வருஷம் எங்கள் கட்சி ஆதரித்த ஆள் ஒரு பெரியவர். மத்திய மந்திரியாக இருந்தவர். பேரைச் சொல்ல மாட்டேன். செத்த பிறகும் சொல்ல மாட்டேன். போன வாரம்தான் செத்தார். பேப்பர்காரன் பேரைப் போட்டிருப்பான், அவனுக்கு வேறு வேலை இல்லை.

அந்த ஆள் மந்திரியாக இருக்கும்போது எங்கள் பக்கம் வறட்சியைப் பார்க்க வந்தார். நீங்கள் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள். பிறந்திருந்தீர்களா, சரி. கண்மாய் எல்லாம் வெடித்துக் கிடந்தது. என் தொகுதிக்கும் தங்கப்பழம் தொகுதிக்கும் எல்லையில் ஒரு ஊர். அங்கே பந்தல் போட்டோம். ஒரு மேஜை. மேஜையில் இரண்டு குடம். ஒன்றில் அந்த ஊர்க்காரர்கள் குடிக்கிற உப்புத் தண்ணீர், காட்டுவதற்கு. இன்னொன்றில் நல்ல தண்ணீர், அவர் குடிப்பதற்கு. அந்த நல்ல தண்ணீருக்கு மூன்று பெண்கள் முந்தின நாள் நடந்துபோய்ச் சுமந்து வந்திருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு அதில் ஒரு வாய் கொடுக்கவில்லை. விருந்தாளிக்கு என்று மூடி வைத்திருந்தார்கள்.

வந்தார். இறங்கினார். கையில் புழுதி. "தண்ணீர்" என்றார் அவர் பாஷையில். அதிகாரி ஒருவன் நல்ல தண்ணீர்க் குடத்தை நகர்த்தினான். தங்கப்பழம் சொம்பில் மொண்டு நீட்டினான். அந்த ஆள் வாங்கிக் குடிக்கவில்லை. இரண்டு கையையும் நீட்டினார், ஊற்று என்று. இவன் ஊற்றினான். கை கழுவினார். முகம் கழுவினார். காலையும் நீட்டினார். இவன் ஊற்றிக்கொண்டே இருந்தான். குடத்தில் பாதி போய்விட்டது. பிறகு காரிலிருந்து பாட்டில் தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டு ஏறிப் போய்விட்டார். உப்புத் தண்ணீரைப் பார்க்கவே இல்லை.

அந்தப் பெண்களில் ஒருத்தி, பவளக்கொடி என்று பேர், ஈர மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் மேஜைமேல் ஏறினேன். "இந்த ஆள் நாளைக்கு எந்த நாற்காலிக்கு வந்தாலும் என் கை இவனுக்கு ஓட்டுப் போடாது. இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு" என்றேன். ஊரே கேட்டது. தங்கப்பழம் என்ன செய்தான் தெரியுமா? சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். அன்றைக்குச் சாயங்காலம் வரை சாப்பிடவில்லை. பயம். மந்திரி கோபித்துக்கொண்டால் என்ன ஆகுமோ என்று பயம். வேறு என்ன?

அவன் அப்படித்தான். கருப்பட்டி வியாபாரம் பார்த்தவன். எல்லாருக்கும் கும்பிடு. கார் டிரைவருக்குக் கும்பிடு. லிப்டு இயக்குகிறவனுக்குக் கும்பிடு. எம்.எல்.ஏ. விடுதியில் எனக்கு எதிர் அறை. காலையில் கதவைத் திறந்தால் எதிரே கும்பிட்டபடி நிற்பான். "நீ என்ன கோயில் வாசல் பொம்மையாலே?" என்று கேட்டிருக்கிறேன். அதற்கும் சிரிப்பான்.

நான்கு வருஷம் கழித்து அதே ஆளை ஜனாதிபதி வேட்பாளர் ஆக்கினார்கள். எங்கள் தலைவர் ஆதரவு என்று அறிவித்துவிட்டார். யாரைக் கேட்டார்? யாரையும் கேட்கவில்லை. எங்களை எல்லாம் மகாபலிபுரம் ரோட்டில் ஒரு கடற்கரை பங்களாவில் கொண்டுபோய் அடைத்தார்கள். பிரியாணி, சீட்டுக்கட்டு, கடல் காற்று. வெளியே போக விடவில்லை. எவனும் விலைக்குப் போய்விடக் கூடாதாம்.

கொறடா வகுப்பு எடுத்தார். சிரிக்காதீர்கள். நிஜமாகவே வகுப்பு. கரும்பலகை, சாக்பீஸ். ஓட்டுச்சீட்டு எம்.எல்.ஏ.க்களுக்கு இளஞ்சிவப்பு நிறம். அதே நிறத்தில் தாள் வெட்டி எல்லாருக்கும் கொடுத்து ஒத்திகை. முத்திரை குத்துகிற வேலை இல்லை, வேட்பாளர் பேருக்கு நேரே 1 என்று எழுத வேண்டும். அவ்வளவுதான். இதற்கு முந்தைய தேர்தல்களில் எம்.எல்.ஏ.க்கள் தப்பும் தவறுமாக எழுதிச் செல்லாமல் போயிருக்கிறதாம். முதல் ஒத்திகையிலேயே ஒருவன் தலைவர் பேரை எழுதி "வாழ்க" போட்டான். ஒருவன் டிக் அடித்தான். கொறடா தலையில் அடித்துக்கொண்டார்.

நான் எழுந்துவிட்டேன். "எங்க ஊருக்குத் தண்ணி கேட்டு ஏழு மனு கொடுத்தேன். அதைப் படிக்க உங்களுக்கு நேரம் இல்லை. எனக்கு ஒண்ணு எழுதச் சொல்லித்தர நேரம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டேன். பிறகு ஒரு வகுப்புக்கும் போகவில்லை. கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

தங்கப்பழம் ஒரு வகுப்பு விடவில்லை. முதல் பெஞ்சு. கொறடாவிடம் சந்தேகம் வேறு கேட்டிருக்கிறான். "யார் போட்டதுன்னு கண்டுபிடிக்கவே முடியாதாங்கய்யா? எப்பவுமேவா?" என்று மூன்று தடவை கேட்டானாம். கொறடாவே சலித்துப்போய், "முடியாதுய்யா, போய் உக்காரு" என்றாராம். என்ன பயம் பாருங்கள். தான் விசுவாசமாகப் போடுகிற ஓட்டு தலைவருக்குத் தெரியாமல் போய்விடுமே என்று கவலை! ராத்திரி அறையில் உட்கார்ந்து தாள் தாளாக 1, 1, 1 என்று எழுதிப் பழகினான். ஒன்று எழுதப் படித்த ஒரே எம்.எல்.ஏ. அவன்தான்.

நான் முடிவு பண்ணிவிட்டேன். எதிர் வேட்பாளருக்குப் போடுவது. அந்த எதிர் வேட்பாளர் யாரோ ஒரு வக்கீல், முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. அதைப் பற்றி என்ன. ஆனால் ஒரு சங்கடம். போட்டது நான்தான் என்று எப்படித் தெரியும்? ஊரில் வாக்குக் கொடுத்திருக்கிறேன். நாளைக்கு எவனாவது, "கொம்பையாவும் பயந்து அந்த ஆளுக்குத்தான் போட்டான்" என்றால் எதைக் காட்டுவேன்? ரகசியமாகக் காப்பாற்றுகிற வாக்கு என்ன வாக்கு?

ஆகவே கையெழுத்துப் போடுவது என்று வைத்துக்கொண்டேன்.

ஓட்டுப் போடுகிற நாள் காலையில் பஸ்ஸில் கோட்டைக்குக் கூட்டிப்போனார்கள். தங்கப்பழம் பக்கத்தில். அவனிடம் மட்டும் சொன்னேன். "எதிர்த்துப் போடப்போறேன். கீழே எம் பேரை எழுதி கையெழுத்தும் போடப்போறேன்." அவன் முகம் செத்துப்போய்விட்டது. "அண்ணாச்சி, அப்படிப் போட்டா…" என்று ஆரம்பித்தான். "வாயை மூடுலே" என்றேன். "இல்ல அண்ணாச்சி, வகுப்புல…" என்றான். "உன் வகுப்பை உடைப்பில போடு. பயந்தாங்கொள்ளிப் பயலே, நீ போய் உன் எசமானுக்குக் காலைக் கழுவு" என்றேன்.

அவன் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். இறங்கும்போது, "சரி அண்ணாச்சி" என்றான். எதற்குச் சரி என்று நான் கேட்கவில்லை.

கமிட்டி அறையில் ஓட்டு. மறைப்பு வைத்த ஒரு மேஜை. உள்ளே போனேன். 1 எழுதினேன், வக்கீலுக்கு. அதன் கீழே ச. கொம்பையா என்று முழுசாக எழுதி, கையெழுத்து, அடியில் ஒரு கோடு. மடித்துப் போட்டேன். எனக்குப் பின்னால் அவன் போனான். உள்ளே ரொம்ப நேரம் நின்றான். ஒன்று எழுத எவ்வளவு நேரம்! அதிகாரி தொண்டையைச் செருமினார். வெளியே வந்தபோது அவன் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பெட்டியைக் கும்பிட்டுவிட்டுப் போட்டான். பெட்டியைக்கூட!

டெல்லியில் எண்ணினார்கள். அந்த ஆள் ஜெயித்துவிட்டார், அது தெரிந்த கதை. எங்கள் மாநிலக் கணக்கு வந்தது. வக்கீலுக்கு அவர் கூட்டணி எம்.எல்.ஏ.க்களைவிட ஒரு ஓட்டு கூடுதல். செல்லாத ஓட்டு ஒன்று. எங்கள் பக்கத்தில் இரண்டு குறைச்சல்.

தலைவர் கூட்டம் போட்டார். "யார்?" என்றார். நான் எழுந்தேன். "நான்" என்றேன். "எதிர்த்துப் போட்டேன். ஒளிச்சுப் போடலை. கையெழுத்துப் போட்டிருக்கேன், வரவழைச்சுப் பாருங்க."

கொறடா சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "யோவ் கொம்பையா, கையெழுத்துப் போட்டா செல்லாதுய்யா. அதைத்தானே வகுப்புல தலைதலையா அடிச்சுக்கிட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். தங்கப்பழம் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சரி, செல்லவில்லை. அதனால் என்ன? "அப்போ செல்லாத ஓட்டு என்னுது" என்றேன். தலைவர் நம்பவில்லை. "செல்லாதது எவனோ ஒரு முட்டாள் போட்டது. வக்கீலுக்கு விழுந்ததுதான் உன்னுது. மேஜைமேல ஏறிச் சத்தியம் பண்ணினவன் நீதானே? கையெழுத்துக் கதையெல்லாம் எங்கிட்ட விடாதே" என்றார். அன்றைக்கே என்னைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். தங்கப்பழம் பாதி எழுந்தான். வாயைத் திறந்தான். நான் ஒரு முறை முறைத்தேன். எனக்காகப் பரிந்து பேச வந்துவிட்டான், பெரிய ஆள்! உட்கார்ந்துவிட்டான்.

ஊருக்குப் போனால் மாலை, வேட்டு. "எங்க கொம்பையா ஓட்டுத்தான் டெல்லி வரைக்கும் போய் எதிர்த்து விழுந்துச்சு" என்று. நான் மாலையைக் கழற்றினேன். "அது என்னுது இல்லை. என்னுது செல்லாதது. அதுலதான் என் கையெழுத்து இருக்கு" என்றேன். பிறகு பின்னால் எவனோ சிரித்தான். அடுத்த தேர்தலில் தனியாக நின்றேன். சுவரெல்லாம் "செல்லாத ஓட்டு கொம்பையா" என்று எழுதினார்கள். டெபாசிட் போனது. என் வீட்டுக்காரி இன்றைக்கும் சொல்வாள், "மாலையைப் போட்டுக்கிட்டுப் பேசாம இருந்திருக்கலாம்ல" என்று. எனக்கு வராது அது. அடுத்தவன் ஓட்டை நான் ஏன் என்னுது என்று சொல்ல வேண்டும்?

அந்த இன்னொரு ஓட்டு யாருடையது என்கிறீர்களா? எவனோ காசு வாங்கினவன். வடக்கு மாவட்டத்து எம்.எல்.ஏ. ஒருவன் அந்த மாதமே புதுக் கார் வாங்கினான். அவன்தான். நெஞ்சில் இருந்து எதிர்த்தவன் இந்த மாநிலத்தில் ஒரே ஆள். அது நான். செல்லுமோ செல்லாதோ, ஒரே ஆள்.

தங்கப்பழம் மேலே மேலே போனான். திரும்ப எம்.எல்.ஏ., வாரியத் தலைவர், அப்புறம் மந்திரி. மந்திரியாகி முதல் வேலையாகக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்தான். முதல் குழாய் அவன் ஊருக்கு இல்லை, அந்த எல்லை ஊருக்கு. இரண்டாவது என் தெருவுக்கு. நான் அந்தக் குழாயில் தண்ணீர் குடிப்பதில்லை. என் வீட்டில் குடிப்பார்கள், அது அவர்கள் பாடு. வருஷா வருஷம் பொங்கலுக்கு வருவான். கருப்பட்டிச் சிப்பம் கொண்டுவருவான். எதிரே உட்கார்ந்து எதையோ சொல்ல வருவான். "என்னலே?" என்பேன். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்பான். போய்விடுவான். குற்ற உணர்ச்சி. அன்றைக்கு என்னோடு நிற்கவில்லையே என்று. இருக்கட்டும்.

இப்போது அந்த ஆள் செத்ததற்குத் தூத்துக்குடியில் கட்சி புகழஞ்சலிக் கூட்டம் போட்டிருக்கிறது. ஒவ்வொருவனும் எழுந்து, "நம் கட்சி மொத்தமும் அவருக்கு வாக்களித்தது, கொம்பையா என்கிற ஒரு துரோகியைத் தவிர" என்று பேசியிருக்கிறான். கடைசியில் தங்கப்பழம் மைக்கைப் பிடித்து, "அந்த ஓட்டு அண்ணாச்சியோடது இல்லை. என்னுது" என்று சொல்லியிருக்கிறான்.

இரக்கம்! எனக்கு இரக்கம் காட்டுகிறான். கிழவன் சாகும்முன் துரோகி என்ற பேரைத் துடைப்போம், கட்சியில் திரும்பச் சேர்ப்போம் என்று. யார் கேட்டது? எனக்கு அந்தப் பேர் வேண்டும். நான் அதைச் சம்பாதித்தது. எதிர்த்தவன் என்று எனக்கு மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அதிலும் வந்து பங்கு கேட்கிறான்.

என்ன? என்ன சொன்னீர்கள்?

அவனை நீக்கிவிட்டார்களா? எங்கே? தலைப்பில் அப்படி இல்லையே. கீழேயா. எடுங்கள் பேப்பரை. மடிக்கச் சொன்னேன்தான், இப்போது எடுக்கச் சொல்கிறேன். என் கண்ணாடி வீட்டில் இருக்கிறது. படியுங்கள். சத்தமாக.

'அடிப்படை உறுப்பினர் பொறுப்பிலிருந்தும்…' சரி, சரி. அந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம். எனக்கும் அதே வாக்கியம்தான், ஒரு எழுத்து மாற்றவில்லை. மேலே.

'மேடையிலிருந்து இறக்கிவிடப்பட்டார்.' இறக்கிவிட்டார்களா? எழுபத்தைந்து வயசுக்காரனை? எவன் கையைப் பிடித்தான்? பேர் போட்டிருக்கிறானா? இல்லையா. மேலே படியுங்கள்.

'இவ்வளவு காலம் ஏன் சொல்லவில்லை என்று நிருபர்கள் கேட்டதற்கு, "அண்ணாச்சி சத்தம் போட்டுக்கிட்டே இருந்தார். எனக்குப் பேச இடம் கிடைக்கலை" என்றார்.'

திமிரைப் பாருங்கள். திமிரைப் பாருங்கள் அவனுக்கு!

என்னிடம் ஒருநாள் இப்படிப் பேசியதில்லை. இத்தனை வருஷத்தில் ஒருநாள். இன்னொரு தரம் படியுங்கள். வேண்டாம், போதும்.

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? பொய்க்காக எவன் கட்சியை விடுவான் என்றா? விடுவான். அவன் மடையன். எனக்கென்று அவன்… நீங்கள் மின்வாரியம்தானே, உங்களுக்கு இதெல்லாம் தெரியாது. பேசாமல் வாருங்கள்.

எந்த இடம் இது? விலக்குக்கு முந்தின பாலம் வந்துவிட்டதா?

நான் அவனை ஆயிரம் திட்டுவேன். பொம்மை என்பேன், பயந்தாங்கொள்ளி என்பேன். எனக்கு உரிமை இருக்கிறது. எதிர் அறைக்காரன். இவர்கள் யார் அவனை இறக்கிவிட? அவன் மந்திரியாக இருந்தபோது அவன் காரில் தொங்கிக்கொண்டு போனவர்கள்தானே அத்தனை பேரும்? மாவட்ட அலுவலகம் தூத்துக்குடியில்தானே இருக்கிறது இன்னும்? இந்த பஸ் அங்கேதானே போகிறது?

கண்டக்டர், தம்பி! நல்லமருதன்பட்டி விலக்கில் நிறுத்தச் சொல்லுங்கள். ஆனால் நான் இறங்கவில்லை. ஒரு ஆள் ஏறணும்.

அதோ, அங்கே நிற்கிறான் பாருங்கள். வெள்ளை வேட்டி. பக்கத்தில் ஒரு ஈ, காக்கை இல்லை. எப்போதும் பத்துப் பேர் சுற்றி நிற்பார்கள். கையைப் பாருங்கள், கும்பிடவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறான், சண்டைக்கு வந்தவன் மாதிரி.

எழுந்திருங்கள். உங்களைத்தான். அவனுக்கு மூட்டுவலி, நின்றுகொண்டு வர மாட்டான். அந்த ஜன்னலோர இடத்தை விடுங்கள்.

லேய் தங்கப்பழம்! ஏறுலே. ஒண்ணும் பேசாதே, ஏறு. கட்சி ஆபீஸுக்குப் போறோம்.